கெடியாரம் கொச்சையா?

கடிகை என்றால் நேரம், ஆரம் என்றால் மாலை; அந்நாளில் நேரங்காட்டியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாலையாக அணிந்தார்கள்; ஆகவே கடிகை + ஆரம் = கடிகாரம். இந்த விளக்கத்தை மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அண்மையில் அச்சில் வந்த ஒரு கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போய், இந்த அழகிய சொல்லை நாட்டுப்புறத்தார் ‘கெடியாரம்’ என்று சிதைத்துவிட்டதாக வருந்துகிறது. சிதைத்தவர்கள் அவர்கள் அல்லர் என்று நிறுவவே இதை எழுதுகிறேன்.

முதலில் மாலைக் கதையை முடித்துவிடலாம். கடிகை என்பது நீரில் மிதக்கும் கிண்ணம். அதை எவரும் கழுத்தில் தொங்கவிட முடியாது. சங்கிலியில் கோத்த சிறு கடிகாரம் ஐரோப்பியருடன் வந்தது. அதுவும் பெரும்பாலும் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆரம் என்பதற்கு வட்டம் என்று பொருள் கொண்டு, வட்ட முகப்பை நினைந்து இட்ட பெயர் என்பாரும் உளர். நம் பழைய நேரக் கருவிக்கு முகப்பே கிடையாது. இன்னும் சிலர் தொல்காப்பிய உரியியலுக்குப் போகிறார்கள். அங்கே கடி என்னும் உரிச்சொல்லுக்கு விரைவு, காப்பு, கூர்மை எனப் பல பொருள்கள் உள்ளன. விரைவதால் கடிகாரம், காலத்தைக் காப்பதால் கடிகாரம் என எதையும் சொல்லிக்கொள்ளலாம். எதையும் சொல்ல இடந்தரும் விளக்கம் எதையும் நிறுவாது.

சொல்லை ஆராய்வோர் பொருளையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் பொழுதளந்த கருவிக்குச் சங்க இலக்கியம் தரும் பெயர் குறுநீர்க்கன்னல். முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் இதைப் பார்த்துத்தான் பொழுது சொல்கிறார்கள். அகநானூற்றின் 43ஆம் பாட்டிலும் இது வருகிறது. மழை மூட்டத்தில் கதிரவன் இருக்கும் திசை தெரியாதபோது கன்னலை எண்ணுபவர்க்கே பொழுது தெரியும் என்பது அங்குள்ள செய்தி. உரைகாரர் இதை நாழிகை வட்டில் என்பர். அடியில் நுண்துளையிட்ட மெல்லிய வட்டிலை அகன்ற பாத்திரத்து நீரில் மிதக்கவிடுவார்கள். துளைவழியே நீர் சிறிது சிறிதாக ஏறி, வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை.

இங்கே பெயர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். கன்னல் நீர்க்கலம், நெடுநல்வாடையில் குறுகிய வாயுள்ள தண்ணீர்க் கலத்துக்கும் அதுவே பெயர். நாழி அளக்கும் கலம், அதிலிருந்து நாழிகை. வட்டில் உண்கலம். வடமொழியில் கட என்பது குடம், கடிகா என்பது சிறு குடம். அதுவே நம் கடிகை. நான்கு பெயரும் கலத்தின் பெயரே. கலத்தின் பெயர் அது அளந்த காலத்துக்கு ஆகிவந்தது. கடிகை வெண்பா என்றும் நாழிகை வெண்பா என்றும் ஒரே சிற்றிலக்கிய வகைக்கு இரு பெயர் வழங்குவதும் இதனால்தான். சோளிங்கர் திருக்கடிகை எனப்படுவதற்கு, அங்கே ஒரு கடிகைப் பொழுது தங்கினாலே வீடுபேறு கிட்டும் என்று தலபுராணத்தார் காரணம் சொல்வர். கதம்ப மயூரசர்மன் கற்கச் சென்றதாகத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறும் காஞ்சிக் கடிகையோ கல்விச்சாலை. அதைத் தனியே ஆராய வேண்டும்.

இந்தச் சொற்களின்மீது எனக்குப் பற்று வந்தது நூலகத்தில் அன்று. திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டுப் பரணில், பள்ளிப் பருவத்தில், துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றுக்குள் வெள்ளி மூடியிட்ட ஒரு பழைய பைக் கடிகாரம் கிடைத்தது. அதன் தலையில் திருகும் குமிழ் இல்லை. பின்மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு துளைகள். கூடவே, சதுரத் துளை கொண்ட ஒரு சின்னஞ்சிறு சாவியும் இருந்தது. ஒரு துளையில் சாவியை விட்டுத் திருகினால் வில் முறுக்கேறும். மற்றொன்றில் விட்டால் முள் நகரும். ஆச்சி அன்றிலிருந்து காலைதோறும் கேட்டாள்: “ஏல, கெடியாரத்துக்குச் சாவி குடுத்தியா?”

அந்தக் கேள்வியில் இருந்த இரண்டு சொற்கள்தாம் என் வாழ்நாள் வேலை ஆயின. ‘சாவி கொடுத்தல்’ என்று கைக்கடிகாரத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் சொல்லிவந்தோம். கைக்கடிகாரத்தில் சாவி ஏது? குமிழைத் திருகி முறுக்கேற்றும் அமைப்புக்கு அட்ரியன் பிலிப் 1845இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் சாவி மெல்ல மறைந்தது. தமிழில் மட்டும் மறையவில்லை. போர்த்துகீசியர் தந்த ‘சாவி’ என்னும் சொல், கருவியிலிருந்து சாவி உதிர்ந்த பின்னும் வினையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரணில் கிடைத்த பொருள் இல்லாவிட்டால் இந்தச் சொல்லின் காரணம் எனக்கு விளங்கியே இராது. பொருளைத் தேடினால் சொல் விளங்கும் என்ற எண்ணம் அன்று விழுந்தது. பழைய கடிகாரங்களைத் தேடித் திரியும் பழக்கமும் அன்றே தொடங்கியது.

ஒவ்வொரு கடிகாரமும் ஒரு சொல்லைக் கொண்டுவந்தது. 1886இல் பம்பாயில் தொடங்கிய வெஸ்ட் எண்ட் நிறுவனத்தின் பழைய கடிகாரம் ஒன்றின் முகப்பில் ‘சோவார்’ என்று இருந்தது. குதிரை வீரனைக் குறிக்கும் பாரசீகச் சொல் அது. நம் ‘சவாரி’ அதன் உறவு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. தன் கடிகாரங்களுக்கு ஜனதா, சோனா, காஞ்சன் என்று பெயரிட்டது. பின்னவை இரண்டும் பொன்னையே குறிக்கும். ஒன்று இந்தி, ஒன்று வடமொழி. ஓசூரில் ஆலை வைத்த டைட்டன், டாட்டா இண்டஸ்ட்ரீஸின் முதலெழுத்துகளையும் தமிழ்நாட்டின் முதலெழுத்துகளையும் சேர்த்துப் பெயர் பெற்றது. முகப்பில் சுழல்வதைத் தமிழர் ‘முள்’ என்றார்கள். தெலுங்கரும் கன்னடரும் அப்படியே சொல்கிறார்கள். பஞ்சாங்கத்தில் விநாடி என்பது நாழிகையில் அறுபதில் ஒரு கூறு, அதாவது 24 நொடி. ஐரோப்பியக் கடிகாரம் வந்தபின் அது ஒரே நொடியாகச் சுருங்கியது. கண்ணிமைப் பொழுதான நிமிஷமோ 60 நொடியாக நீண்டது. கருவி மாறியபோது சொற்களின் அளவும் மாறிவிட்டது.

பழைய கடிகாரம் வாங்குவோர் அறிவார்கள்: முகப்புக்குப் புதுச் சாயம் பூசி, எழுத்தைப் புதிதாக அச்சிட்டு விற்பது இச்சந்தையில் பெருவழக்கு. பளபளக்கும் முகம் பெரும்பாலும் பின்னாளையது. மங்கிய முகமே மூலம். எனக்குத் தொழில் நுணுக்கம் சொல்லித்தந்த நெல்லைக் கடிகாரப் பழுதுகாரர், “தம்பி, மொகத்தப் பாத்து வாங்காத, முதுகத் தொறந்து பாரு” என்பார். ‘கடிகாரம்’ என்ற சொல்லும் சாயம் பூசிய முகப்புத்தான். முதுகைத் திறந்து காட்டுகிறேன்.

தமிழ்ப் பேச்சில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலெழுத்து அதிர்ந்தொலிக்கும் வேற்றுமொழிச் சொல் தமிழுக்கு வரும்போது, அதன் அகரம் எகரமாகும். கங்கை கெங்கை ஆகிறது. கருடன் கெருடன், கம்பீரம் கெம்பீரம், கர்ப்பம் கெர்ப்பம். ஜயமும் ஜபமும் செயம், செபம், பலம் பெலம், தண்டம் தெண்டம். ரகர லகரமும் இப்படியே: ரெங்கன், லெட்சுமி. அதிராத ககரத்தில் தொடங்கும் வடசொற்கள் இவ்வாறு மாறுவதில்லை. கமலம், கனகம், கருணை ஆகியவற்றை எவரும் கெமலம், கெனகம், கெருணை என்பதில்லை. தமிழ்ச் சொற்களும் மாறுவதில்லை. கடல் கெடல் ஆகாது, கடுகு கெடுகு ஆகாது, நாய்க்கடி நாய்க்கெடி ஆகாது. ஆகவே கெடியாரத்தின் எகரம் நாக்குத் தடுமாறியதால் வந்தது அன்று. மூலச்சொல்லின் முதலொலி அதிர்வொலி என்பதற்கு அது பொறித்த முத்திரை. தமிழ்க் ‘கடி’யிலிருந்து இச்சொல்லை இழுப்போர் இந்த ஓர் எகரத்துக்கு விடை சொல்லட்டும்.

அடுத்தது யகரம். தெலுங்கில் கடியாரமு, கன்னடத்தில் கடியார, மராத்தியில் கட்யாள், இந்தியில் கடியால். எல்லாவற்றிலும் முதலொலி அதிர்வொலி, நடுவில் யகரம், ககரம் எங்கும் இல்லை. கடிகா என்பது பிராகிருத வழியில் ககரம் கரைந்து யகரமான பின் பிறந்த வடிவங்கள் இவை. கடியால் எது என்பதைப் பாபர் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். இந்துஸ்தானத்துப் பெரிய ஊர்களில் கடியாலி என்னும் பணியாளர் இருப்பர்; நீரில் வட்டிலை மிதக்கவிட்டு, அது நிறையுந்தோறும், தொங்கவிட்ட தடித்த பித்தளைத் தட்டை அடித்து நாழிகை அறிவிப்பர்; அத்தட்டுக்குக் கடியால் என்று பெயர். ஆக, கலத்தின் பெயர் காலத்துக்கு ஆகி, காலத்தின் பெயர் அதை முழங்கும் உலோகத்துக்கு ஆகியது. தமிழிலும் இதே நடை நிகழ்ந்தது. மணி என்னும் ஓசைக்கருவி ‘ஐந்து மணி’ என நேரத்தின் பெயராயிற்று. ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் மணிக்கூண்டு நிற்கிறது, நாகர்கோவிலில் மணிமேடை. ஈழத்தமிழர் கடிகாரத்தையே மணிக்கூடு என்கின்றனர். மலையாளத்தின் பழைய நாழிகமணி இரு பெயரையும் ஒன்றாக்கிக்கொண்டது.

கடியால் தெற்கே வந்து கடியாரமாயிற்று; லகரம் ரகரமாவது நம் மொழிகளில் புதிதன்று. தெலுங்கின் வழியாகவே அது தமிழுக்குள் நுழைந்தது என்பது என் துணிபு. இதே வழியில் வந்த இன்னொரு காலச்சொல் அதற்குத் துணைநிற்கிறது. கடன் திருப்பக் ‘கெடு’ வைக்கிறோமே, அது கெடுதல் அன்று. தவணையைக் குறிக்கும் தெலுங்குக் ‘கடுவு’. அங்கும் அதிர்வொலி, இங்கும் எகரம்.

கெடியாரம் என்று மக்கள் சரியாகச் சொல்லிவந்ததைப் படித்தவர்கள் கேட்டார்கள். கடிகை என்ற நூற்சொல் அவர்களுக்கு முன்பே தெரியும். யகரத்தை எடுத்துவிட்டுக் ககரத்தைப் பொருத்திக் கடிகாரம் ஆக்கினார்கள். மலையாளத்திலும் இப்படித்தான் கடிகாரம் எழுந்தது. பிறகு வந்தவர்கள் அந்த ஒட்டுவேலையையே மூலமென்று நம்பி, அதைப் பிரித்து ஆரம் கண்டார்கள்.

கடிகாரத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுத்து வழக்கில் ஊன்றிவிட்ட சொல், இருக்கட்டும். கெடியாரத்தைக் கொச்சை என்று தள்ளுவதை நிறுத்துங்கள். அகராதி தொகுப்போர் கெடியாரத்தைத் தலைச்சொல்லாக இட்டு, கடிகாரத்தை அதன் திருத்த வடிவமாகக் காட்ட வேண்டும். இரண்டில் மூத்தது கெடியாரமே.