விண்ணிரும்பும் பாதுஷாவின் குறிப்பும்

கி.பி. 1621, ஹிஜ்ரி 1030. ஜலந்தர் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பேரொலியுடன் வானிலிருந்து ஓர் ஒளி வீழ்ந்தது. பகுதி அதிகாரி முஹம்மது ஸயீத் சென்று, புல்பூண்டின்றிக் கருகிக் கிடந்த நிலத்தைத் தோண்டச் செய்தார். தோண்டத் தோண்டச் சூடு மிகுந்ததாம். அடியில் கிடைத்த இரும்புக்கட்டியை முகலாய பாதுஷா ஜஹாங்கீரிடம் அனுப்பினார். இதைப் பாதுஷாவே தமது ‘துஸுகே ஜஹாங்கீரி’யில் எழுதியுள்ளார்.

விண்கல் வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாய்கையில் முன்னுள்ள காற்று நெருக்குண்டு கடுஞ்சூடாகிறது. கல்லின் மேற்பரப்பு உருகி உருகி அகல்கிறது. வெப்பத்தையும் உடன் கொண்டுபோய்விடுகிறது. எல்லாம் சில வினாடிகளே. பிறகு காற்றின் தடையால் வேகம் தணிந்து, எஞ்சிய துண்டு மெல்லிய கருந்தோல் போர்த்து விழுகிறது. உட்புறம் பெரிதும் சூடேறுவதில்லை. இத்தகைய சிறு கட்டி நிலத்தைக் கருக்குவது அரிது.

அப்படியாயின் பாதுஷாவின் குறிப்பு பொய்யா? அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய நாம் அவசரப்படலாகாது. சூட்டை அவர் நேரில் காணவில்லை. தமக்கு வந்த செய்தியை எழுதினார். எடையோ அவர் முன்னிலையிலேயே நிறுக்கப்பட்டது: 160 தோலா. அவ்விரும்பு சம்மட்டி அடியைத் தாங்கவில்லை. ஆகவே உஸ்தாத் தாவூத் மூன்று பங்கு விண்ணிரும்புடன் ஒரு பங்கு சாதாரண இரும்பைக் கலந்து வாள்களும் குத்துவாளும் கத்தியும் வடித்தார். அக்கத்தி இன்று வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது.