குடிமராமத்து

குளம், கால்வாய், மடை ஆகிய பொது நீர் அமைப்புகளை, அவற்றால் பயன்பெறும் ஊராரே கூடிப் பராமரிக்கும் தமிழக மரபு. தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் போன்ற மானாவாரி வட்டாரங்களில், வடகிழக்குப் பருவமழையைத் தேக்கும் குளங்களே பாசனத்துக்கும் கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்கும் ஆதாரம்.

செயல்முறை: கோடையில் குளம் வற்றியதும் வண்டலை வெட்டி வயலுக்கு அடிப்பர், குளம் ஆழப்படும், நிலம் உரம்பெறும். மழைக்கு முன், குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் செதுக்கி, கரையின் பள்ளங்களில் மண் அணைப்பர். மடையைத் திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சிக்கு அறுவடையில் நெல்லே கூலியாக இருந்தது. தென்மாவட்டங்களில் குளக்கரைகளில் குடிகொண்ட சாஸ்தா, அய்யனார் கோயில்கள் கரையைக் காவலுக்குரிய இடமாக மதிக்கச் செய்தன.

வரலாறு: உத்தரமேரூரின் பராந்தக சோழர் காலக் கல்வெட்டுகள் (919, 921) ஏரிகளைக் கவனித்த குழுவான ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், குடிமராமத்து வேலைக்கு வராதவருக்குத் தண்டம் விதித்தது. பராமரிப்பு அரசுத் துறைகளிடம் சென்றபின் ஊரின் பிடி தளர்ந்தது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்தை ஒரு திட்டமாக மீட்டெடுத்து, குளத்து நீர் பாயும் ஆயக்கட்டு விவசாயிகளின் பங்களிப்பைச் செலவில் 10 சதவீதமாக வைத்தது.

மதிப்பீடு: பழைய ஏற்பாட்டில் கடும் உழைப்பு ஒடுக்கப்பட்ட சாதியினர் மீதே பெரிதும் விழுந்தது; அந்த அநீதியைக் களைந்தே மரபை ஏற்க வேண்டும். அரசு நிதி கரையை உயர்த்தும். ஆண்டுதோறும் அதைக் காப்பது, குளம் தமதென்று கருதும் ஊரின் பழக்கமே.