கேர்னலில் ஒரு பெயர்: லினக்ஸுக்கு ட்ரைவர் எழுதுவது எப்படி?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் ஒருவரின் லப்டொப்புக்கு வயது பத்துக்கு மேல். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியபோது, புதிது வாங்க வசதியில்லாத பலரைப் போல அவரும் லினக்ஸுக்கு மாறினார். வைஃபையைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. நகத்தளவான அந்த யூ.எஸ்.பி. வைஃபை துண்டு ஐந்து நிமிடம் வேலைசெய்யும், பிறகு தொடர்பு அறுந்துவிடும். "ட்ரைவர் பிரச்சினை" என்றார்கள். அந்த ட்ரைவரை எழுதுவது யார் என்று தேடப்போனதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

ட்ரைவர் என்றால் இங்கே சாரதி அல்ல. கணினியோடு இணைக்கப்படும் பொருளுக்கும் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராக நிற்கும் நிரல் அது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கேர்னலில் இன்று 3 கோடிக்கும் அதிகமான வரிகள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் ட்ரைவர்களே.

இவற்றை எழுதுபவர்களில் பெரும்பாலானோர் இன்று நிறுவனங்களில் சம்பளம் பெறுபவர்கள். அப்படி அல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். லாரி ஃபிங்கர் அமெரிக்கர், படிகங்களின் அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி. ஃபிங்கரைட் என்ற கனிமம் அவருடைய பெயரைத் தாங்குகிறது. ஓய்வுபெற்ற பிறகு, 2005 அளவில், வைஃபை ட்ரைவர்களில் கைவைத்தார். அப்போது பிரோட்கொம் நிறுவனம் தனது சில்லுகளின் விவரங்களை வெளியிடவில்லை. ஆகவே தன்னார்வலர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பு நிறுவனத்தின் மூடிய ட்ரைவரைக் குடைந்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்று குறிப்பெழுதியது. மறுதரப்பு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் புதிதாக நிரல் எழுதியது. பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்க இந்தப் பிரிவு அவசியமாயிற்று. அந்த முயற்சியில் உழைத்த ஃபிங்கர், பிறகு ரியல்டெக் சில்லுகளின் பக்கம் வந்தார். 2024 ஜூனில் அவர் இறந்தபோது கேர்னலில் அவருடைய திருத்தங்கள் 1,500ஐத் தாண்டியிருந்தன.

ரியல்டெக் 8188 என்ற மலிவான யூ.எஸ்.பி. சில்லின் கதையையும் பாருங்கள். நிறுவனமே வெளியிட்ட நிரல் 2013இல் கேர்னலின் 'ஸ்டேஜிங்' பகுதிக்குள் வந்தது. தரம் போதாத ட்ரைவர்களைத் திருத்தித் தேற்றுவதற்கான பகுதி இது. பல வருடங்களாகப் பலர் அதைத் துப்புரவாக்கினார்கள். ஆனாலும் அது தேறவில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட வேறொரு ட்ரைவர் அதே சில்லை ஆதரிக்கத் தொடங்கியதும், அந்தச் சில்லுக்காக ஸ்டேஜிங்கில் இருந்த ட்ரைவர் 2023இல் தூக்கப்பட்டது.

புதியவர் எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலும் ஒற்றை வரியிலிருந்து. ஒவ்வொரு யூ.எஸ்.பி. பொருளும் தயாரிப்பாளருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என இரண்டு எண்களைச் சுமந்திருக்கும். ட்ரைவருக்குள் இருக்கும் அட்டவணையில் அந்தச் சோடி இல்லாவிட்டால், உள்ளே அதே சில்லு இருந்தாலும் கேர்னல் அதைக் கண்டுகொள்ளாது. அந்த எண்களைச் சேர்த்து, பொருளைச் சொருகிச் சோதித்து அனுப்பினால் அதுவும் பங்களிப்புத்தான்.

அனுப்புவது மின்னஞ்சலில், இணைப்பாக அல்ல, அலங்காரமற்ற வெறும் எழுத்தாக. அனுப்புமுன் நிரலின் ஒழுங்கைச் சரிபார்க்கவும், அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் யார் என்று காட்டவும் கேர்னலுடனேயே கருவிகள் வருகின்றன. பதில் கறாராக இருக்கலாம், சிலவேளை வராமலும் போகலாம். திருத்தி இரண்டாம், மூன்றாம் பதிப்பு அனுப்புவது சாதாரணம். பராமரிப்பாளர் ஏற்றால், அடுத்த இரண்டு வாரச் சேர்ப்புக் காலத்தில் அது டோர்வால்ட்ஸிடம் போகும். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கேர்னல் வெளிவரும்.

ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் அனுப்புபவர் பெயரிட்டு ஒப்பமிடவேண்டும். 'இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்ற உறுதிமொழி அது. எஸ்.சி.ஓ. நிறுவனம் தொடுத்த வழக்கையடுத்து 2004இல் வந்த நடைமுறை. உண்மைப் பெயர் வேண்டும், புனைபெயர் கூடாது என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. 2023இல் அதை 'அறியப்பட்ட அடையாளம்' என்று தளர்த்தினார்கள். பெயரில்லாமல் அனுப்புவது இன்னும் முடியாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்தவர்களுக்குப் பெயரும் அடையாள அட்டையும் வெறும் விவரங்கள் அல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பெயரை எங்கே எழுதுவது, எங்கே தவிர்ப்பது என்று கணக்குப் பார்த்தே வளர்ந்த ஒரு தலைமுறை நம்மிடம் உண்டு. அவர்கள் ஒன்றை அறிந்துகொண்டு கையெழுத்திடுவது நல்லது: கேர்னலின் வரலாற்றில் ஏறிய பெயரையும் மின்னஞ்சலையும் பிறகு அழிக்க முடியாது. இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்திருங்கள்.

கேர்னல் உலகம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்றும் நினைக்கவேண்டாம். 2024 ஒக்டோபரில் ரஷ்யாவோடு தொடர்புடைய பத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தடைச் சட்டங்களே காரணம் என்றார்கள். டோர்வால்ட்ஸ் அதை ஆதரித்தார். அந்த மனிதர்களுக்கு முன்கூட்டியே ஒழுங்காக விளக்கம் கொடுத்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் எழுதிய நிரலும் இட்ட ஒப்பமும் அப்படியே இருக்கின்றன.

இலங்கைக்குத் திறந்த மூல உலகம் புதிதல்ல. கூகுளின் 'சம்மர் ஒஃப் கோட்' திட்டத்துக்கு அதன் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். ஆனால் கேர்னல் பங்களிப்புக்குப் பட்டம் கேட்பதில்லை. சி மொழி, பொறுமை, சோதித்துப் பார்க்கக் கையில் அந்தப் பொருள் ஆகியவை போதும். ஆங்கிலம் தேவைதான், ஆனால் சுருக்கமான ஆங்கிலம் போதும். ஸ்டேஜிங் பகுதியில் பல ட்ரைவர்களுக்குப் பக்கத்திலேயே செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் கோப்பாகக் கிடக்கும். முதல் பட்ச் அனுப்ப அதைவிட நல்ல இடமில்லை.

நண்பரின் துண்டின் எண்கள் அட்டவணையில் ஏற்கெனவே இருந்தன. அவருடைய கேர்னல்தான் பழையது. புதியதை ஏற்றிய இரவு, தொடர்பு அறுகிறதா என்று பார்க்க ஒரு முழுப் படத்தையும் ஓடவிட்டோம். அறவில்லை.