கொற்றலையாற்றின் கடைமடை: எண்ணூர்க் கரையின் தொல்பழங்காலம்

பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டும் கொற்றலையாறு, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இந்த ஆற்றின் மேற்பகுதி இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்குத் தலைவாசல். கீழ்ப்பகுதியான திருவொற்றியூர்–எண்ணூர்க் கரையோ அவ்வாய்வு நூல்களில் ஏறக்குறைய இடம்பெறுவதே இல்லை. இந்த இடைவெளியை, அங்கே ஆதிமனிதர் நடமாடவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது தவறு; நிலவியல் காரணமே முதலில் ஆராயத்தக்கது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மேற்பகுதிச் சான்றுகள் வலுவானவை. 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் கற்கருவியைக் கண்டெடுத்த இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடையாளம் கண்டார். அங்கு 1999 முதல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு நடத்தினர். முற்பழைய கற்கால அச்சூலியன் வகைக் கைக்கோடரிகள் கிடைத்த அடுக்குகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011இல் அறிவிக்கப்பட்டது. இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதை 2018இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஐரோப்பாவில் சிக்கிமுக்கிக் கல்லில் செய்த கருவிகளை இங்குள்ளோர் குவார்ட்சைட் கல்லில் செய்தனர். அத்திரம்பாக்கத்தின் பழைய களிமண் அடுக்கில் பெரிய குவார்ட்சைட் கற்கள் இயல்பாகக் கிடைப்பதில்லை, வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். கல்லைத் தேடி நடந்த இம்மக்களின் உலகம் ஒரே ஊரோடு முடிந்திருக்காது.

அப்படியானால் கடைமடையில் தடயம் ஏன் இல்லை? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்றைய கரை கிழக்கே வெகுதொலைவில் இருந்தது. எண்ணூர் உள்நாட்டு ஆற்றுவெளி. பின்னர்க் கடல் உயர்ந்து, ஏறக்குறைய 6,000–7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. அந்த ஆற்றுவெளிமேல் வண்டலும் கழிச்சேறும் கடல்மணலும் படிந்தன. ஆகவே இன்று நாம் மிதிக்கும் கரை மிக இளையது. அதன் மேற்பரப்பில் பழைய கற்காலக் கருவியை எதிர்பார்ப்பதே பொருந்தாது.

பழைய நிலம் புதையாமல் எஞ்சிய கரைகளில் நிலைமை வேறு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் செம்மணல் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. ஆய்வாளர்கள் சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் அவற்றைப் பழைய கடல்மட்டத்தோடு இணைத்து ஆராய்ந்தனர். தமிழகக் கடலோரத்தைக் கற்கால மக்கள் ஒதுக்கிவிடவில்லை என்பதற்கு அத்தேரிகளே சாட்சி.

எண்ணூரில் புதைந்த நிலத்தை ஆழ்துளை மாதிரிகள் வழியே ஆராயலாம். வண்டலுக்குள் சில அங்குல விட்டமுள்ள துளையிட்டுக் கற்கருவியைக் கண்டுவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாமல் போகவே வாய்ப்பு மிகுதி. ஆனால் துளையிடுவதன் நோக்கம் கருவியை எடுப்பதன்று. புதைந்த நிலப்பரப்பு எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறது என்று அறிவதே. மகரந்தத் துகள்களும் சிப்பிகளும் அந்நிலத்தின் நீர்வளத்தையும் தாவரங்களையும் சொல்லும். ஒளியுமிழ்வுக் காலக்கணிப்பு மணலின் வயதைத் தரும். அதன் பின்னரே, எங்கே அகழலாம் என்ற கேள்விக்குப் பொருள் உண்டு.

இதற்குப் புதிதாகப் பெருஞ்செலவு தேவையில்லை. துறைமுகமும் அனல்மின் நிலையமும் அமைக்கும் முன் அடித்தளத்திற்காக மண் மாதிரிகள் எடுக்கப்படுவது வழக்கம். பொறியியல் சோதனை முடிந்ததும் அவை கழிவாகிவிடாமல் தொல்லியல் ஆய்வுக்கு வர வேண்டும். தூர்வாரலும் நிலம் உயர்த்தலும் சாம்பல் கொட்டலும் எண்ணூர்க் கழியின் இயற்கை அடுக்குகளை ஆண்டுதோறும் கலைத்து வருவதால் இதில் தாமதம் கூடாது.

எனவே, வடசென்னைக் கரையில் இனி நடைபெறும் ஒவ்வொரு பெருங்கட்டுமானத்திலும் ஆழ்துளை மாதிரிகளில் ஒரு பங்கைத் தமிழ்நாடு தொல்லியல் துறையிடம் ஒப்படைப்பதை அனுமதி நிபந்தனையாக்க வேண்டும். பூண்டியில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் நடத்தும் அத்துறையே, அதே ஆற்றின் கடைமடையையும் தன் ஆய்வு எல்லைக்குள் கொண்டுவர உரிமையும் கடமையும் உடையது.