வேம்பு கருகுவதும் எல்ம் மரம் அழிந்த கதையும்



மழைக்காலத்தில் வரப்பு வேம்பின் நுனிக்கொப்பெல்லாம் நெருப்புப் பட்டது போலக் கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "மரத்துக்குக் கண்ணேறு பட்டுப் போச்சு" என்பாரும் உண்டு. கண்ணேறு அல்ல, இது பூசண நோய். பூசணத்துக்குக் காலும் கிடையாது, இறக்கையும் கிடையாது. ஆனால் பூச்சியும் மனிதனும் துணை போனால் அது கடலையே தாண்டிவிடும். சரித்திரத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது.

ஐரோப்பாவில் எல்ம் என்று ஒரு மரம். நம்ம ஊர்ப் புளி, வேம்பு மாதிரி சாலையோரமும் வயலோரமும் நிழல் கொடுத்த மரம். 1910-க்குப் பிறகு அது ஊர் ஊராகப் பட்டுப்போக ஆரம்பித்தது. முதல் உலகப் போரின் விஷப்புகைதான் காரணமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். ஹாலந்து நாட்டுப் பெண் ஆராய்ச்சியாளர் பீ ஷ்வார்ஸ், பூசணம்தான் காரணம் என்று 1922-ல் எடுத்துச் சொன்னார்.

அதைப் பரப்பியது பட்டை வண்டு. சாகிற மரத்தின் பட்டைக்கடியில் குடைந்து முட்டையிடும். அந்தக் குடைவில் பூசண வித்துகள் பிசுபிசுவென்று இருக்கும். வெளியே வரும் இளம் வண்டு அதை உடம்பில் சுமந்துபோய் நல்ல மரத்தின் இளங்கொப்பைக் கடிக்கும். உள்ளே புகுந்த பூசணம் நீர்க்குழாய்களை அடைக்க, தண்ணீர் ஏறாமல் மரம் வாடிவிடும்.

பட்டை உரிக்காத கட்டைகளோடு இந்த நோய் அமெரிக்கா போனது. 1930-ல் அங்கே தெரிய வந்தது. 1960-களின் கடைசியில் இன்னும் கொடிய வகை, வட அமெரிக்கக் கட்டைகளோடு பிரிட்டனுக்கு வந்தது. அங்கே இரண்டரைக் கோடிக்கு மேல் மரங்கள் மடிந்தன. பிரைட்டன் நகரத்தார் மட்டும் நோய் கண்ட மரத்தை உடனுக்குடன் வெட்டி அகற்றினார்கள். அங்கே இன்றும் ஆயிரக்கணக்கான எல்ம் மரங்கள் நிற்கின்றன.

நம் வேம்பைக் கருக்குவது போமாப்சிஸ் என்ற பூசணம். 1997-ல் இதற்குப் பெயரிட்டு விவரித்தார்கள். 2021 வாக்கில் தெலங்கானாவில் பெருவாரியாகத் தாக்கியது. தமிழ்நாட்டிலும் பல இடங்களில் வேம்பு கருகியது. இங்கே துணை போவது வண்டு அல்ல, தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் பூச்சி. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்திரித் துளிரைக் கருக்கும் அதே பூச்சிதான் வேப்பந்துளிரையும் குத்துகிறது. குத்திய புண் வழியே பூசணம் நுழைகிறது.

எல்ம் போல வேம்பு ஒரேயடியாகச் சாவதில்லை. பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். ஆனால் வருஷா வருஷம் கருகினால் மரம் நலியும். பூவும் காயும் கெட்டு வேப்பங்கொட்டை வரும்படி போய்விடும்.

ஆகவே கருகிய கொப்பைக் கொஞ்சம் நல்ல பாகத்தோடு சேர்த்து வெட்டி, அங்கேயே எரித்துவிடுங்கள். விறகென்று வேறு ஊருக்கு ஏற்றாதீர்கள். நோய் கண்ட மரத்தின் கொட்டையை நாற்றுக்கு எடுக்காதீர்கள். பூசணம் விதையோடும் போகும். முந்திரி வைத்திருப்பவர்கள் துளிர் விடும் பருவத்திலேயே தேயிலைக் கொசுவைக் கவனியுங்கள். பக்கத்து வரப்புக்காரரும் சேர்ந்து செய்தால்தான் பலன். பிரைட்டனில் மரம் பிழைத்தது ஊர் சேர்ந்து செய்ததால்தான்.