கால் தமனி நோயாளிகளின் மனத்துயர் (தென்காசி, குற்றாலம்)

கால் தமனிகளில் கொழுப்பு படிந்து ரத்த ஓட்டம் குறையும் நாட்பட்ட நோயோடு சேர்ந்துவரும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை. புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் கால் தமனி நோய்க்கு முதன்மைக் காரணங்கள். 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசியில் பீடி சுற்றுவது பல குடும்பங்களின் பிழைப்பு. பீடியை விடச் சொல்லும் அறிவுரை இங்கே சுலபமாக இறங்காது.

நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். சாரல் காலத்தில் குற்றாலம் அருவிக்குக் குடும்பத்தோடு நடப்பவர், வலியைக் காட்டிக்கொள்ளாமல் சிப்ஸ் கடை முன் விலை கேட்பதுபோல் நிற்பார். அடுத்த முறை வரவே மாட்டார். பிறகு கல்யாணவீடு, கோயில் என ஒவ்வொன்றாக விட்டுப்போகும். விரல் கறுத்துவிடுமோ, காலை எடுக்க நேருமோ என்ற பயம் இரவு வலியோடு கூடிக்கொள்ளும்.

வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதே இதற்குச் சிறந்த பயிற்சி. மனம் தளர்ந்தவர் முதலில் கைவிடுவதும் அதைத்தான். எனவே மனத்துயரை வெறும் பக்கவிளைவாக ஒதுக்குவது தவறு. நோயைக் கண்டறிய, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்து, 0.9 அல்லது அதற்குக் குறைவா எனப் பார்க்கும்போதே தூக்கத்தையும் மனநிலையையும் விசாரிக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசி சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.