வருமானமும் அதன் சான்றும்: வாழ்க்கைத்துணை குடிவரவில் பிரிட்டிஷ் விதிகள் குறித்து

வெளிநாட்டிலுள்ள கணவனையோ மனைவியையோ ஸ்பான்சர் செய்து எடுப்பது பற்றிய பிரிட்டிஷ் விவாதம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு தொகையைச் சுற்றியே நடக்கிறது. 2012 ஜூலையில் ஆண்டுக்கு 18,600 பவுண் என்று வைத்தார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 பவுண். தொகை நியாயமானதா என்று வாதிடுவோர் பலர். அந்தத் தொகையை உண்மையிலேயே சம்பாதிப்பவர்களிலும் ஒரு பகுதியினரின் விண்ணப்பம் மறுக்கப்படுவது ஏன் என்று கேட்போர் குறைவு. சம்பாதித்ததை எந்தத் தாளில் காட்ட வேண்டும் என்ற சான்று விதியே அதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குடிவரவு விதிகளின் பின்னிணைப்பு எஃப்.எம்.-எஸ்.இ. இந்தச் சான்றுகளை வரையறுக்கிறது. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை செய்தவர் அந்த ஆறு மாத பே ஸ்லிப்புகளையும் வங்கி அறிக்கைகளையும் முதலாளியின் கடிதத்தையும் தர வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சுயதொழில் செய்பவர் முடிந்துபோன முழு நிதியாண்டின் வரிக் கணக்கைக் காட்ட வேண்டும். வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடிவது. அக்டோபரில் டாக்ஸி ஓட்டத் தொடங்கியவர் வாரம் ஏழு நாளும் ஓடினாலும் அந்த ஆண்டு முடியும்வரை காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை.

ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ மளிகைக் கடையில் நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலாளி வரியைப் பிடித்துக்கொண்டு, பே ஸ்லிப்பும் கொடுத்து, சம்பளத்தைக் கையில் காசாகத் தருகிறார். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. வாடகையையும் சாமான் செலவையும் அந்தக் காசிலேயே முடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் அவர் வங்கியில் போடுகிறார். பே ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகை வங்கி அறிக்கையிலும் அப்படியே இருந்தால்தான் வரிக்கு முந்திய முழுச் சம்பளம் கணக்கில் வரும் என்கிறது விதி. இல்லாவிட்டால் வங்கியில் போட்டது மட்டுமே வருமானம். ஆண்டுக்கு 29,500 பவுண் சம்பாதித்து அதற்குரிய வரியையும் கட்டியவர், விண்ணப்பத்தில் 10,000 பவுண்காரராக நிற்கலாம். ஒரே அரசின் வரித்துறைக்குத் தெரிந்த வருமானம் அதே அரசின் உள்துறைக்குத் தெரியாமல் போகிறது!

சேமிப்பைக் காட்டலாமே என்றால், வருமானமே காட்ட முடியாதவருக்கு 88,500 பவுண் வேண்டும். முதல் 16,000 பவுணைக் கழித்துவிட்டு, மிச்சத்தை இரண்டரையால் வகுத்து வருவதையே ஆண்டு வருமானமாகக் கொள்கிறார்கள். பணம் பொதுவாக ஆறு மாதமாவது கைவசம் இருந்திருக்க வேண்டும். புலம்பெயர் தமிழரிடையே பலர் சீட்டுப் போட்டே சேமிக்கிறார்கள். சீட்டுப் பிடிப்பவரின் கொப்பியில் உள்ள பெயரும் கழிவுத் தொகையும் தவிர அதற்குப் பத்திரம் கிடையாது. சீட்டெடுத்த கையோடு கணக்கில் விழும் பெருந்தொகை, அதிகாரியின் பார்வையில் மூலம் தெரியாத வரவு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வரப்போகும் மனைவி யாழ்ப்பாணத்தில் மருத்துவராக இருந்தாலும், அவர் அங்கே வாங்கும் சம்பளம் முதல் விசாவுக்கான கணக்கில் சேராது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2012-க்கு முந்தைய விதி, தம்பதியர் பொதுநிதியை நாடாமல் போதிய அளவில் வாழ முடியுமா என்று மட்டுமே கேட்டது. உறவினர் தரும் ஆதரவையும் அதில் கணக்கிடலாம் என்று 2009 டிசம்பரில் மஹாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 விதிகள் அந்த வழியை அடைத்தன. எம்.எம். (லெபனான்) வழக்கில் 2017 பிப்ரவரி 22 அன்று வந்த தீர்ப்பு, குறைந்தபட்ச வருமானம் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது; ஆனால் குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு கருதவில்லை என்றும், மாற்று நிதி மூலங்களை அதிகாரிகள் நடத்திய விதம் சரியில்லை என்றும் குறை கண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. இன்று உறவினர் ஆதரவையும் வரப்போகும் துணைவரின் நம்பகமான எதிர்கால வருமானத்தையும் பார்க்கலாம். ஆனால், மறுப்பு நியாயமற்ற கடுமையான விளைவைத் தரக்கூடிய அசாதாரணச் சூழல் இருந்தால் மட்டுமே. வரிசை இங்கே தலைகீழாகிவிட்டது. சூழலின் கடுமையை முதலில் காட்டினால்தான், பணம் இருக்கிறதா என்ற கேள்விக்கே மாற்றுச் சான்றை எடுப்பார்கள்.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால், கனடாவில் துணைவரை அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானமே கிடையாது. மாற்றுத்திறன் அல்லாத காரணத்துக்காக அரச உதவி பெறுபவர் ஸ்பான்சர் செய்ய முடியாது. மற்றவர் மூன்றாண்டுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். வரி மதிப்பீட்டு அறிவிப்பு இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று எழுதித் தரலாம். பெற்றோரை எடுக்கும்போது அதே நாடு வருமானத்தைக் கறாராகப் பார்க்கிறது.

அமெரிக்காவின் வழி வேறு. 1996 சட்டத்தின்படி, ஸ்பான்சர் பொறுப்பேற்கும் ஐ-864 படிவத்தில் கையெழுத்திடுபவர் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடமையே இல்லாதவர் அதை விளக்கி எழுதினால் போதும். கடமை இருந்தும் செய்யாதவர் முதலில் அதை முடிக்க வேண்டும். வருமானம் போதாவிட்டால் சொத்தைக் காட்டலாம், அல்லது தகுதியுள்ள இன்னொருவர் கூட்டுப் பொறுப்பு ஏற்கலாம். ஆனால் போட்ட கையெழுத்து இலேசில் விடாது. விவாகரத்தானாலும் வந்தவரை ஆதரிக்கும் கடமை தீராது. வாசலில் நெகிழ்ந்து, பின்னால் கட்டிப்போடும் ஏற்பாடு இது. பின்விளைவுக்குச் சட்டப் பொறுப்பாளி ஒருவர் இருப்பதால், நுழைவுச் சான்றில் இறுக்கம் குறைந்தாலும் அரசுக்கு இழப்பில்லை. பிரிட்டனின் துணைவர் விதி இந்தத் தர்க்கத்தைப் பின்பற்றாதது எனக்கு வியப்பு.

எதிர்வாதம் வலுவானது. வரி கட்டாமல் மறைத்த பணத்தை விசாவுக்கு மட்டும் எடுத்துக் காட்டுபவரை அரசு ஏன் நம்ப வேண்டும்? நம்பத் தேவையில்லை. ஆனால் மறைத்தவர், தாக்கல் செய்யும் கடமையே இல்லாதவர், வரி கட்டியும் தாள் பொருந்தாதவர் ஆகிய மூவரும் வெவ்வேறு. அமெரிக்கப் படிவம் முதல் இருவரையாவது பிரித்துப் பார்க்கிறது. பிரிட்டிஷ் விதி மூவரையும் ஒரே மறுப்பில் தள்ளுகிறது. முதல் வகையினரையும் எப்படி நடத்துவது என்பதற்கு 2019 ஏப்ரலில் வந்த பாலாஜிகரி தீர்ப்பு வழிகாட்டும். உள்துறைக்கு ஒரு வருமானமும் வரித்துறைக்கு வேறொரு வருமானமும் காட்டியதாகச் சொல்லி, குடிவரவு விதிகளின் 322(5) பத்தியின் கீழ் மறுக்கப்பட்ட திறன்சார் குடிவரவாளர்களின் வழக்கு அது. நேர்மையின்மையைச் சந்தேகித்தால், அந்தச் சந்தேகத்தை முதலில் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்பளித்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

பொய் சொன்னதாகச் சந்தேகிக்கப்படுபவருக்கு உரிமையாகக் கிடைத்த அந்த வாய்ப்பு, தாள் மட்டும் பொருந்தாதவருக்கு அதிகாரியின் விருப்பமாகவே இருக்கிறது. விடுபட்ட ஆவணத்தைக் கேட்டு வாங்கலாம் என்று பின்னிணைப்பில் ஒரு பத்தி உண்டு. கேட்டே ஆக வேண்டும் என்று இல்லை. அதைக் கடமையாக்கி, வரித்துறைப் பதிவையே நேரடிச் சான்றாக ஏற்றால், கையில் காசு வாங்கியும் வரி கட்டிய கடைத் தொழிலாளியின் சிக்கல் அநேகமாகத் தீரும். சீட்டில் சேமித்தவருக்குப் பாதி தீரும். உண்மையிலேயே 20,000 பவுண் மட்டும் சம்பாதிக்கும் பராமரிப்புப் பணியாளருக்கு இதனால் எதுவும் மாறாது. அவருக்கான வழக்கு தொகையைப் பற்றியது, அதைத் தனியாகவே நடத்த வேண்டும்.